பத்திரமாக வந்து சேர்ந்தார்

சனிக்கிழமை வந்துவிட்டால் கண்ணாடி அக்காவுக்குக் கால் தரையில் பாவாது. மற்ற நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை மிஷினில் கொடுத்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி விளிம்பைத் தேய்த்து எடுப்பது அவள் வேலை. அந்த மிஷின் போடுகிற கிறீச்சில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. வீட்டுக்குப் போனால் அண்ணன் டிவியைப் பார்ப்பான், அண்ணி போனைப் பார்ப்பாள், இவளை யாரும் பார்ப்பதில்லை. கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தாண்டியவள் வீட்டில் பழைய அலமாரி மாதிரிதான். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று முணுமுணுப்பார்கள், தூக்கிப் போடவும் மனசு வராது. சனிக்கிழமை சாயங்காலம்தான் அவள் மனுஷியாக வாயைத் திறந்து பேசுகிற நேரம்.

நகரத்தில் ‘கைகோர்ப்பு’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களில் ஒருவரைத் துணையாகப் பிடித்துக் கொடுப்பார்கள். பெண்பிள்ளைக்குத் துணை அக்கா, பையனுக்குத் துணை அண்ணன். சம்பளம் கிம்பளம் கிடையாது. வாரம் ஒருமுறை நூலகத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து பாடம் பார்க்கலாம், கதை பேசலாம், சும்மா சிரித்துக்கொண்டும் இருக்கலாம். ஒரு வருஷம் விடாமல் வந்த பிள்ளைக்குத் தொழிற்கல்லூரியில் இடம் வாங்கித் தருவார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் குறை சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லி முடிக்கவும் முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அங்கே இரண்டு விதிகளை மந்திரம் மாதிரி ஓதுவார்கள். பிள்ளையின் வீட்டு விவகாரத்தைத் தோண்டக்கூடாது, அதுவாகச் சொன்னால் கேட்கலாம். இது ஒன்று. பிள்ளை வந்ததும் துணை அக்கா தன் போனில் கைகோர்ப்புச் செயலியைத் திறந்து பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இது இன்னொன்று. அழுத்தினால் வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகும்: ‘உங்கள் மகள் பத்திரமாக வந்து சேர்ந்தார்.’ போன் அந்த நூலகத்துக்குள் இருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். தொடர்ந்து மூன்று வாரம் அழுத்தாவிட்டால் ஜோடியைப் பிரித்துவிட்டு, காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கருவிக்கு இடம் தெரியும், ஆள் தெரியாது. யோசித்துச் செய்த புண்ணியவான்கள் அதை மட்டும் யோசிக்கவில்லை.

கண்ணாடி அக்காவுக்கு வாய்த்தவள் பதினாறு வயசுப் பெண். வாய் ஓயாது என்பதால் அம்மா அவளுக்கு வைத்த பேர் சில்வண்டு. ஆனால் முதல் இரண்டு சந்திப்பில் அந்தச் சில்வண்டு வாயே திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மணி என்னடி?” என்று கேட்டாள் கண்ணாடி அக்கா.

“தெரியல.”

“படிக்கத் தெரியலையா, கண்ணு தெரியலையா?”

பெண்ணுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எல்லாம் தெரியும்” என்றாள். ஒன்றும் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் உலகமே அவளுக்குக் கலங்கல்தான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாததால்தான் மக்கு என்று பேர் வாங்கியிருக்கிறாள். கண்ணாடி அக்கா அவளைக் கடைக்கு இழுத்துப்போய் பவர் பார்க்க வைத்து, தன் கையாலேயே லென்ஸ் தேய்த்து, கருநீல ஃபிரேமில் மாட்டிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்தவள் எதிர்ப்பக்கம் இருந்த பெயர்ப்பலகைகளை ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தாள். மருந்துக்கடை, பூட்டு ரிப்பேர், பல் வைத்தியர், வாடகைக்கு அறை. படித்து முடித்துவிட்டுத் திரும்பி, “அக்கா, உங்க மூக்கு இவ்வளவு பெருசா!” என்றாள். அன்று திறந்த வாய்தான், அப்புறம் மூடவில்லை.

பெண்ணின் அம்மாவைக் கண்ணாடி அக்கா ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வலது முழங்கை நேராக நிமிராது, கோணலாகவே நிற்கும். கண்ணாடி அக்கா அதைக் கவனித்தாள். என்னாச்சு என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தோண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று விழுங்கிவிட்டாள்.

சலவைக்காரி அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்த மெசேஜ் மூணு மணிக்குத் தவறாம வரும்லம்மா? சனிக்கிழமை எனக்கு ராத்திரி வரைக்கும் ஷிஃப்ட். மெசேஜ் வந்துட்டா நிம்மதியா வேலை பாப்பேன். வரலைன்னா எல்லாத்தையும் போட்டது போட்டபடி ஓடி வந்துடுவேன்.”

“தவறாது அக்கா” என்றாள் இவள். எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நூலகத்தில் இவள் காத்திருக்கும்போது போன் வந்தது.

“அக்கா, இன்னிக்கும் என்னால வர முடியாதுக்கா.”

“அடிப்பாவி! இது மூணாவது வாரம்டி. இடம் போயிடும்.”

“அதான்க்கா... நீங்க பொத்தானை மட்டும் அழுத்திடுங்களேன். ப்ளீஸ்க்கா. அடுத்த வாரம் சத்தியமா வந்துடறேன்.”

காய்ச்சல் விடவில்லையா, வேறு ஏதாவதா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல்லூரி இடம் போய்விடுமே என்கிற பதைப்பு ஒரு பக்கம். இந்தச் சனிக்கிழமையே போய்விடுமே என்கிற பயம் இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிது. வேறொரு பிள்ளையைக் கொடுப்பார்கள்தான், ஆனால் மூக்கு பெருசு என்று சொல்கிற பிள்ளை கிடைக்குமா? பொத்தானை அழுத்தினாள். எங்கோ சலவைப் பிரிவில் ஒரு போன் கிணுங்கியிருக்கும்.

ஒருமுறை அழுத்திய விரலுக்குக் குளிர் விட்டுப்போனது. அடுத்த வாரம் பெண் வந்தாள், அதற்கடுத்த வாரம் வரவில்லை. அப்புறம் வந்ததைவிட வராததே அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் போன், ஒவ்வொரு முறையும் “அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா...” என்று ஒரு கொஞ்சல். கண்ணாடி அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். நூலக அறையில் தனியாக உட்கார்ந்து, இரண்டு பேருக்கு வாங்கிய பன்னை ஒருத்தியாகத் தின்றுவிட்டு, நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போவாள். வாசலில் இருக்கும் காவலாளி மட்டும், “உங்க பொண்ணு இன்னிக்கும் வரலையாம்மா?” என்று கேட்பார். “வருவா, வருவா” என்று சொல்லிக்கொண்டே நழுவிவிடுவாள்.

பெண் எங்கே போகிறாள் என்று அவள் தானாகவே முடிவு கட்டியிருந்தாள். பதினாறு வயசு. கண்ணாடி போட்டபின் முகத்தில் ஒரு களை. புதுசாகக் காலில் விலை கூடின ஷூ. வேறு என்னவாக இருக்கும்? எவனோ ஒரு பையன்தான். கேட்காமலே தெரிந்துகொண்ட பெருமை அவளுக்கு. தனக்கு அந்த வயசில் யாரும் ஒரு சாயங்காலத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லையே, இவளாவது அனுபவிக்கட்டும் என்று ஒரு தாராளம் வேறு. அட, என்ன பெரிய தாராளம்! அடுத்தவள் பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு தாராளம்!

கடைசியாகப் பெண் வந்தது ஒரு வெயில் நாளில். வழக்கமான வாய் இல்லை. பன்னைப் பிய்த்துப் பிய்த்து மேசையில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வரவில்லை.

“எங்கடி கண்ணாடி?”

“போட்டா நல்லா இல்லையாம்க்கா.”

“யாரு சொன்னது? அந்தத் துரைக்கு வேற பொண்ணு பாத்துக்கச் சொல்லு” என்று சிரித்தாள் இவள்.

பெண் சிரிக்கவில்லை. பன் துணுக்குகளை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கேட்டாள். “அக்கா, ஒருத்தர் ரொம்பத் தப்புப் பண்ணிட்டாரு. இப்போ திருந்திட்டேன்னு அழுறாரு. நம்பலாமாக்கா?”

காதலர்கள் சண்டை என்று கண்ணாடி அக்காவுக்குள் ஒரே குதூகலம். முதல்முதலாக ஒரு பிள்ளை தன்னிடம் மனசைத் திறந்து யோசனை கேட்கிறது. கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள், “ஒரு வாய்ப்பு குடுத்துப் பாருடி. அவரும் மனுஷன்தானே.”

பெண் தலையாட்டினாள். போகும்போது இவளைக் கட்டிப்பிடித்தாள். அப்படியெல்லாம் கட்டிப்பிடிக்கிற ரகமே இல்லை அவள். அது பற்றியும் இவள் ஒன்றும் யோசிக்கவில்லை, ராத்திரி படுக்கும்வரை சந்தோஷமாக இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை போன்கூட வரவில்லை. சரி, மறந்திருப்பாள் கழுதை என்று மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டாள். யாரும் கேட்காமலே, பழக்கத்தில்.

மறுநாள் காலையிலேயே கைகோர்ப்பின் பொறுப்பாளர் தம்பி போனில் கூப்பிட்டான். எப்போதும் ‘சூப்பர்க்கா’ என்று ஆரம்பிக்கிறவன் அன்று குரல் கம்மியிருந்தான். “உடனே ஆபீசுக்கு வாங்கக்கா. பொண்ணைக் காணோம்.”

கைகோர்ப்பு ஆபீஸ் ஒரு வங்கிக் கட்டடத்தின் மேல்மாடியில். சுவரெல்லாம் சிரிக்கிற பிள்ளைகளின் படம். அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சலவைக்காரி உட்கார்ந்திருந்தாள். நேற்று வேலைக்குப் போட்ட உடுப்பே மேலில் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். இவளைக் கண்டதும் சலவைக்காரி எழுந்து ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கம்மா. நீங்கதான் அவளைக் கடைசியாப் பாத்தது. எப்படி இருந்தா? முகம் வாட்டமா இருந்துச்சா? ஏதாவது சாப்பிட்டாளா? என்ன பேசினா? ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா.”

பெண் போலீஸ் நிதானமாகப் பேசினாள். நூலகத்தைச் சுற்றியுள்ள தெருவெல்லாம் விடிய விடியத் தேடியாயிற்றாம். பின்னால் ஓடும் கால்வாயில் ஆள் இறக்கியிருக்கிறார்களாம். காவலாளியை ராத்திரியே ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போயிருக்கிறார்களாம். “அந்த ஆளு, பொண்ணு நேத்து வரவே இல்லைன்னு சாதிக்கிறான். மெசேஜ் வந்திருக்கேன்னா, தெரியாதுங்கறான். ரெண்டு தட்டு தட்டியும் அதையேதான் சொல்றான்” என்றாள். “நீங்க சொல்லுங்க. என்ன உடுப்புப் போட்டிருந்தா?”

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளைப் பற்றி நானே கொஞ்சம் இரக்கமாகப் பேசியிருப்பேன். பயம் வந்தால் மனுஷ வாய் எங்கே பழகிய பாதையோ அங்கேதான் போகும். இவள் வாயும் போனது.

“நீல... நீலச் சட்டை” என்றாள். “கண்ணாடி போட்டிருந்தா. நல்லாத்தான் இருந்தா.”

சலவைக்காரி பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. தோள்பைக்குள் கோணல் கையை விட்டுத் துழாவி ஒரு கருநீலக் கண்ணாடியை வெளியே எடுத்தாள்.

“இது வீட்டுலதானே இருந்துச்சு” என்றாள். குரலில் சந்தேகமே இல்லை, குழப்பம்தான். “தலையணைக்குக் கீழ இருந்துச்சு. இது இல்லாமப் போயிட்டாளே, உங்க முகம்கூட அவளுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காதேன்னு ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சிட்டிருந்தேன்.”

தன் கையால் தேய்த்த லென்ஸ். கண்ணாடி அக்கா அதைப் பார்த்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் வெளியே வந்தது. காய்ச்சல், மூன்றாவது வாரம், பொத்தான், வராத சனிக்கிழமைகள், ஒருத்தியாகத் தின்ற பன். நேற்றும் பெண் வரவில்லை, வருகிறேன் என்று சொல்லவும் இல்லை, நானாகத்தான் அழுத்தினேன் என்று சொல்லி மூக்கைச் சிந்தி அழுதாள். பையன் யாரோ என்று நினைத்ததையும் சொன்னாள்.

“பையனா?” என்றாள் சலவைக்காரி. முகம் வெளிறிப்போனது. “பையன் இல்ல. அவரு கண்டுபிடிச்சுட்டாரு.”

அவர் என்றால் பெண்ணின் அப்பா. இந்தக் கையை உடைத்தவர். அவருக்குத் தெரியாமல் மகளைக் கூட்டிக்கொண்டு ராவோடு ராவாக வேறு நகரத்துக்கு ஓடிவந்து, வீடு மாற்றி, பள்ளிக்கூடம் மாற்றி ஒளிந்திருந்தவள் அவள். மகளைத் தனியாக எங்கும் விடாதவள். அந்த மெசேஜை நம்பித்தான் சனிக்கிழமை மட்டும் விட்டாள். பொறுப்பாளர் தம்பிக்கு இது தெரியும். துணை அக்காக்களிடம் சொல்லும் வழக்கம் இல்லை, அதுவும் விதிதான்.

அதற்கப்புறம் எல்லாம் சட்டென்று நடந்தது, என்ன பிரயோஜனம். பெண் போலீஸ் போனில் பேசிக்கொண்டே வெளியே ஓடினாள். மதியத்துக்குள் செய்தியோடு திரும்பி வந்தாள். வெளியூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. “அப்பாவும் பொண்ணும் வாராவாரம் இங்கதான் உக்காந்து பேசுவாங்க, அந்த ஆளு அழுவாரு, பொண்ணு கண்ணைத் துடைச்சு விடும்” என்று கடைக்காரன் சொன்னானாம். சனிக்கிழமை மூன்றரை மணி பஸ்ஸில் இருவரும் ஏறியது கேமராவில் இருந்தது. ஏறும்முன் பெண் நின்று, கண்ணை இடுக்கி, பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயரைப் படிக்கப் பார்க்கிறாள். அப்பா தோளில் கை போட்டு உள்ளே தள்ளுகிறார்.

“மூணு மணிக்கு மெசேஜ் வரலைன்னு நீங்க கிளம்பியிருந்தா...” என்று ஆரம்பித்த பெண் போலீஸ் நிறுத்திக்கொண்டாள். ஆனால் சலவைக்காரி கேட்டாள்.

“கிளம்பியிருந்தா?”

“அது எல்லை தாண்டிப் போற பஸ். எல்லைச் சாவடிக்குப் போகவே ராத்திரி ஆயிடும். ஒரு போன் போட்டு நிறுத்தியிருக்கலாம்.”

சலவைக்காரி கண்ணாடி அக்காவை அடித்தாள். நிமிராத கையால் அடித்ததால் கன்னத்துக்குப் போன அடி காதில் பட்டது. ஒரே ஒரு அடி. பிறகு அந்தக் கையைத் தானே பிடித்துக்கொண்டு, பிள்ளையின் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். பொறுப்பாளர் தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

எல்லாவற்றையும் சொன்ன கண்ணாடி அக்கா ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ‘ஒரு வாய்ப்பு குடுத்துப் பாருடி, அவரும் மனுஷன்தானே.’ அது இன்றுவரை அவள் நெஞ்சுக்குள்தான் கிடக்கிறது.

காவலாளியை விட்டுவிட்டார்கள். அவர் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. கைகோர்ப்பு கண்ணாடி அக்காவின் செயலியை முடக்கிவிட்டு, எல்லாத் துணை அக்காக்களையும் கூட்டிப் பொறுப்புணர்வு பற்றி இன்னொரு பயிற்சி வகுப்பு நடத்தியது. அண்ணி, “எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லைக்கு அப்பால் எந்த ஊர், எந்தத் தெரு என்று போலீசுக்கும் தெரியவில்லை. தேடுகிறோம் என்றார்கள், தேடுகிறோம் என்றார்கள், பிறகு நீங்கள் போன் செய்ய வேண்டாம், தகவல் வந்தால் நாங்களே சொல்கிறோம் என்றார்கள்.

மறுபடி ஒரு மழைக்காலம். ஒரு சனிக்கிழமை மதியம் கடைப் பையன் பின்னறைக்கு வந்து, யாரோ தேடி வந்திருக்கிறார்கள் என்றான். கண்ணாடி அக்கா மிஷினை நிறுத்திவிட்டு முன்னால் வந்தாள். கல்லாவுக்கு எதிரே சலவைக்காரி நின்றிருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். கையில் கருநீலக் கண்ணாடி.

“காது மாட்டுற இடத்துல திருகு லூசாயிடுச்சு” என்றாள். “முடுக்கிக் குடு.”

கண்ணாடி அக்கா வாங்கி, சின்னத் திருப்புளியால் முடுக்கி, துணியால் துடைத்துக் கொடுத்தாள். “அக்கா, நான்...” என்று ஆரம்பித்தாள். நெஞ்சுக்குள் கிடந்தது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன்னை மன்னிக்கறதுக்கு நான் வரல. செத்தாலும் மன்னிக்க மாட்டேன்.” கண்ணாடியை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினாள். போகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சனிக்கிழமை மூணு மணி ஆனா, என் கை தானா போனை எடுக்குது” என்றாள். “இஸ்திரிப் பெட்டியை அப்படியே வெச்சுட்டுப் பாத்துட்டே நிக்கிறேன். வராதுன்னு தெரியும். வந்ததெல்லாமே பொய்யின்னும் தெரியும். ஆனா அது வந்த நாள்ல எல்லாம் நான் நிம்மதியா வேலை பாத்திருக்கேன். ராத்திரி வீட்டுக்குப் போனா அவ இருப்பா. அனுப்பு.”

“எதை அக்கா?”

“அதைத்தான்.”

“அந்தப் பொத்தான் இப்போ என்கிட்ட இல்லக்கா. எடுத்துட்டாங்க.”

“கையால அடிச்சு அனுப்பு. உனக்கு எழுதத் தெரியாதா?”

கண்ணாடி அக்கா போனை எடுத்தாள். ‘உங்கள் மகள்’ என்று அடித்தாள். ஒரு பொத்தானில் போன வார்த்தைகள். எழுத்து எழுத்தாக அடிப்பது இதுதான் முதல் தடவை. ‘பத்திரமாக’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். சலவைக்காரி கல்லாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. தொண்டைக்கு வந்ததை விழுங்கிவிட்டு, மீதியையும் அடித்து முடித்து அனுப்பினாள்.

எதிரே போன் கிணுங்கியது. சலவைக்காரி அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். தோள் கொஞ்சம் இறங்கியது, ஒரு நீண்ட மூச்சு வந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஷிஃப்டுக்கு நேரமாச்சு” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். “அடுத்த வாரமும் அனுப்பு. மூணு மணிக்கு. மறந்துடாத.”